கட்டிலா, மருந்து அலமாரியா, கிராமத்து ஆளா? சியரா லியோனின் குழந்தைகளுக்கு எது முதலில்

2010 ஏப்ரல் 27, சியரா லியோனின் சுதந்திர தினம். உள்நாட்டுப் போர் முடிந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதிபர் எர்னஸ்ட் பாய் கொரோமா அன்றைக்கு ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்: கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் முழுக்க இலவசம். முதல் ஆண்டிலேயே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்கானது. அதுவரை நோய் இல்லாமலா இருந்தது? காசு இல்லாமல் வீட்டிலேயே கிடந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்நாட்டின் குடும்ப நலக் கணக்கெடுப்புகளைப் புரட்டினால் குழப்பம் வரும். 2008இல் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 140 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. 2013 கணக்கெடுப்பில் அது 156. இலவச மருத்துவம் வந்த பிறகு சாவு கூடிவிட்டதா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கணக்கெடுப்புகள் முந்தைய ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பவை. 2008இன் எண்ணும் உண்மையைவிடக் குறைவாகப் பதிவானது என்றே கருதப்படுகிறது. 2019இல் 122க்கு இறங்கியது. இறக்கம் உண்மைதான். கட்டணத்தை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் எதிர்பார்த்த வேகத்தில்தான் இறங்கவில்லை.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். இந்த நாட்டில் ஒரு மாவட்டத்துக்கு, வடக்கே மலைப்பாங்கான கொய்னாடுகு அல்லது தெற்கே தீவும் சதுப்புமான போன்தே மாதிரி ஒன்றுக்கு, ஐந்து ஆண்டுக்கு அளவான பணம் கிடைக்கிறது. எல்லாவற்றையும் செய்ய அது போதாது. நல்ல குழந்தைகள் மருத்துவமனை ஒன்றைக் கட்டலாம். இருக்கிற சிறு சுகாதார நிலையங்களில் மருந்தும் சம்பளமும் தடையின்றிக் கிடைக்கச் செய்யலாம். கிராமச் சுகாதாரப் பணியாளர்களை வளர்க்கலாம். தடுப்பூசி, கொசுவலை என்று நோயை முன்கூட்டியே மறிக்கலாம். ஆம்புலன்ஸ் வாங்கலாம். இவற்றில் எதை முதலில் செய்வது?

அங்கே குழந்தைகள் எதனால் சாகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகிய மூன்றும் பெரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன. மூன்றுமே மலிவான மருந்துக்குக் கட்டுப்படுபவை, மூன்றுமே காத்திருக்காதவை. காய்ச்சல் தொடங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ மலேரியா முற்றிக் குழந்தைக்கு வலிப்பு வந்துவிடலாம், ரத்தம் வற்றிவிடலாம். நான்காவது காரணம் வேறு ரகம். 2019 கணக்கெடுப்பின்படி ஆயிரத்துக்கு 31 குழந்தைகள் பிறந்த முதல் மாதத்திலேயே போய்விடுகிறார்கள். குறைமாதப் பிறப்பு, பிரசவத்தில் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று. 122இல் 31, அதாவது நாலில் ஒன்று. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் கொடுப்பவர்களுக்குப் பிடித்தது அதுதான். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். கிண்டலாகச் சொன்னாலும், தேவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தலைநகர் ஃபிரீடவுனில் இருக்கும் ஓலா டூரிங் குழந்தைகள் மருத்துவமனைதான் நாட்டின் முதன்மையான குழந்தை மருத்துவமனை. கிழக்கே கோனோவில் இருக்கும் ஒரு தாய்க்கு அது வேறு உலகம். முற்றிய மலேரியாவில் ரத்தம் வற்றிய குழந்தைக்கு அன்றைக்கே ரத்தம் ஏற்ற வேண்டும். அதைக் கிராமத்தில் யாரும் செய்ய முடியாது. மூச்சு வாங்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் வேண்டும். நாலில் ஒன்று என்றேனே, அந்தப் பச்சிளங் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மருத்துவமனைதான் கதி.

சிக்கல் கட்டடத்துக்குள்ளே இருக்கிறது. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் என்பது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. சிலிண்டரை மலைமேல் ஏற்ற வேண்டாம் என்பதால் இந்த மாதிரி நாடுகளுக்கு அருமையான கருவி. ஆனால் மின்சாரம் வேண்டும். மாவட்டத் தலைநகரங்களிலேயே மின்சாரம் வந்துபோகும் விருந்தாளி. ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசலுக்குப் பணம் வேண்டும். பழுதானால் வடிகட்டி மாற்றத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை எந்த நன்கொடையாளரும் பலகையில் பொறித்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, வெளியார் நடத்தும் மருத்துவமனை வெளியார் இருக்கும்வரைதான். போ நகருக்கு அருகே கொண்டாமாவில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு பல ஆண்டுகள் ஒரு மருத்துவமனையை நடத்தியது. தெற்குச் சியரா லியோனில் நோய்முற்றிய குழந்தைகளுக்கு அதுதான் பெரிய அடைக்கலம். 2014இல் எபோலா பரவியது. அந்த அமைப்பின் ஆள்பலம் முழுவதும் எபோலா முகாம்களுக்குத் தேவைப்பட்டது. அக்டோபரில் கொண்டாமாவில் பணி நின்றுபோனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைய நிலையில் வேறு யாராலும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. ஆனாலும் மலேரியா அந்த ஆண்டு விடுமுறை எடுத்துக்கொள்ளவில்லை. 2019இல் அதே அமைப்பு கெனமாவுக்கு அருகே ஹங்காவில் புதிய குழந்தைகள் மருத்துவமனையைத் திறந்தது. எலிகள் வழியாகப் பரவும் வைரஸ் நோயான லாசா காய்ச்சல் நெடுங்காலமாக இருந்துவரும் பகுதி கெனமா, அதனால் அங்கே மருத்துவமனையின் தேவை இரட்டிப்பு.

அடுத்தது சிறு சுகாதார நிலையங்கள். எனக்குக் கனமாகப் படும் தெரிவு இதுதான். யாரும் விரும்பி எடுக்காததும் இதுதான்.

நாடு முழுக்க இவை ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மூன்று படிநிலை: மேலே சமூக சுகாதார மையம், அடுத்தது சுகாதார நிலையம், அடியில் தாய்சேய் நிலையம். மேல்படியில் இருப்பவர் டாக்டர் அல்ல. மூன்றாண்டு படித்த சமூக சுகாதார அலுவலர்தான் அங்கே பெரியவர். அடிப்படியில் தாய்சேய் உதவியாளர் ஒருவர், சில நேரம் அவர் மட்டுமே. 2010இல் இலவசம் என்று அறிவித்தபோது கூட்டம் வந்து விழுந்தது இவர்கள் தலையில்தான்.

அறிவிப்புக்கு முன்பே அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. சம்பளப் பட்டியலில் ஆளே இல்லாமல் இருந்த பெயர்களை நீக்கியது, இருப்பவர்களின் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தியது. சும்மா நடக்கவில்லை, வேலைநிறுத்தம் செய்துதான் வாங்கினார்கள். பிரிட்டன் பணம் கொடுத்தது. ஆனால் இன்றைக்கும் இந்த நிலையங்களில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு அருகில் பேர் சம்பளப் பட்டியலிலேயே இல்லை. 'தன்னார்வலர்' என்று பெயர். படித்து முடித்து, சீருடை போட்டு, தினமும் வந்து, ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, என்றாவது பட்டியலில் பெயர் ஏறும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள். அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? இலவச மருந்துக்கு 'ஏதாவது கொடுத்துவிட்டுப் போங்கள்' என்கிறார்கள். அட்டைக்குக் காசு, பஞ்சுக்குக் காசு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்று நம்மூரில் சொல்வோம். இங்கே பூசாரிக்குச் சம்பளமே இல்லை. அவரை ஒழுங்கு நடவடிக்கையால் திருத்தப் பார்ப்பது நியாயமும் இல்லை, நடக்கவும் செய்யாது.

மருந்தும் இதே கதைதான். தலைநகர்க் கிடங்கில் இருந்து மாவட்டக் கிடங்குக்கு, அங்கிருந்து நிலையத்துக்கு. கடைசிக் கட்டத்தில் வண்டி இல்லாமலோ எரிபொருள் இல்லாமலோ பெட்டி நின்றுவிடும். அலமாரி காலி என்று இரண்டு தடவை திரும்பிப்போன தாய் மூன்றாவது தடவை அங்கே வர மாட்டாள். தலையில் கூடை சுமந்து ஊர் ஊராக மாத்திரை விற்பவர்கள் இருக்கிறார்கள். 'பெப்பர் டாக்டர்' என்று அங்கே அழைப்பார்கள். எந்த மாத்திரை, எத்தனை, காலாவதியானதா என்பதெல்லாம் அவருக்கே வெளிச்சம். ஆனால் அவர் வாசலுக்கு வருகிறார், கடன் சொன்னால் கேட்டுக்கொள்கிறார். காலி அலமாரியை அவர் தோற்கடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இந்த நிலையங்களைச் சீராக்க எவ்வளவு பணம் வேண்டும் என்பதைவிட, எந்த வழியில் சீராகும் என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. எபோலாவுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு 254 நிலையங்களில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதி நிலையங்களில் ஊராரையும் ஊழியர்களையும் உட்காரவைத்து, நிலையத்தின் நிலவரத்தை மதிப்பெண்ணாகக் காட்டி, இருவரும் என்ன செய்யப்போகிறார்கள் என்று பேசி எழுதிக்கொள்ள வைத்தார்கள். இன்னொரு பகுதியில் நன்றாகச் செயல்பட்ட ஊழியர்களுக்குப் பாராட்டுப் பரிசு, பணம் அல்ல. மீதி நிலையங்களில் எதையும் மாற்றவில்லை. அவற்றோடு ஒப்பிட்டால், ஊர்க்கூட்டம் நடந்த பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைச் சாவு 38 விழுக்காடு குறைவாக இருந்தது. இதைவிட வியப்பானது பிறகு நடந்தது. எபோலா வந்தபோது ஊர்க்கூட்டமோ பாராட்டுப் பரிசோ நடந்த பகுதிகளில் நோயாளிகள் 62 விழுக்காடு அதிகமாகப் பதிவானார்கள். நோய் அங்கே கூடுதலாகப் பரவியதால் அல்ல. மற்ற ஊர்களில் காய்ச்சல்காரர்களை ஒளித்துவைத்தார்கள், இந்த ஊர்களில் நர்ஸிடம் வந்து சொன்னார்கள். நம்பிக்கையை இவ்வளவு துல்லியமாக அளந்த வேறு எண்ணை நான் பார்த்ததில்லை.

இனி கிராமச் சுகாதாரப் பணியாளர். 2017இல் சுமார் 15,000 பேருடன் தேசியத் திட்டம் புதிதாகத் தொடங்கப்பட்டது. பிறகு ஆட்களைக் குறைத்து மறுசீரமைத்தார்கள். இவர் அந்த ஊர்க்காரர், சில வார, மாதப் பயிற்சி பெற்றவர். கையில் மலேரியா சோதனைப் பட்டை, அதற்கான மாத்திரை, நிமோனியாவுக்கு அமாக்சிசிலின், வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும். ஸ்டெதாஸ்கோப் இல்லை. குழந்தையின் சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவார். ஒரு வயதுக்குள் இருந்தால் 50, அதற்கு மேல் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று வைத்துக்கொண்டு மருந்து தொடங்குவார். அழும் குழந்தையின் மூச்சை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

மூன்று கொலையாளி நோய்களும் காத்திருக்காதவை என்றேன். நிலையத்துக்குப் போக அரை நாள் நடக்க வேண்டிய ஊரில், முதல் நாளே மருந்து கொடுக்கும் ஒரே வழி இவர்தான். தொலைவு என்றால் எவ்வளவு தொலைவு என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கொரோனா தடுப்பூசியின்போது 150 ஊர்களில் செய்த ஆய்வில், தடுப்பூசி கிடைக்கும் இடத்துக்குப் போக ஒரு வழிக்குச் சராசரியாக மூன்றரை மணி நேரம் ஆனது. செலவு ஒரு வாரக் கூலிக்கும் மேல். ஓகாடா என்று அழைக்கப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்தான் பெரும்பாலும் வாகனம். மே முதல் அக்டோபர் வரை மழையில் அதுவும் சேற்றில் நிற்கும்.

ஆனால் இவரால் முடியாதவையும் இருக்கின்றன. பச்சிளங் குழந்தைக்கு அவரால் அதிகம் செய்ய இயலாது. அப்புறம், அவருக்கு மருந்து வருவதே அந்தச் சிறு நிலையத்தின் அலமாரியில் இருந்துதான். அங்கே காலி என்றால் இங்கேயும் காலி. பையில் சோதனைப் பட்டை மட்டும் இருந்து, 'ஆமாம், மலேரியாதான்' என்று சொல்லி அனுப்பும் நிலை வரும். ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை ஆசனவாய் வழியே கொடுத்த அனுபவம் இதற்கு நல்ல பாடம். முற்றிய மலேரியாவில் மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்கு இதைக் கொடுத்துவிட்டு உடனே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். காங்கோ, நைஜீரியா, உகாண்டா ஆகிய நாடுகளில் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்தபடி சாவு குறையவில்லை. மருந்தில் குறை இல்லை. கொடுத்தபிறகு பல குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்ச்சேரவில்லை, போனவர்களுக்கும் முழுச் சிகிச்சை கிடைக்கவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதை விரிவாக்குவதை நிறுத்திவைக்கச் சொல்லி, மறு ஆண்டு நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. ஒரு கண்ணியை மட்டும் வலுவாக்கினால் சங்கிலி வேறொரு இடத்தில் அறுகிறது.

தடுப்பைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. மலேரியா தடுப்பூசி 2024 ஏப்ரலில் சியரா லியோனுக்கு வந்துவிட்டது. முதலில் வந்த ஆர்டிஎஸ்,எஸ் ஊசி கானா, கென்யா, மலாவியில் நடந்த முன்னோட்டத்தில் உரிய வயதுக் குழந்தைகளின் மொத்தச் சாவை 13 விழுக்காடு குறைத்தது. அடுத்து வந்த ஆர்21 ஊசியை புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. ஒரு டோஸ் நான்கு டாலருக்கும் கீழே. நான்கு டோஸ் போட வேண்டும், கடைசி டோஸ் நேரத்தில் குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கும், அம்மாவுக்கு வேறு வேலை வந்திருக்கும், அங்கேதான் வழுக்கும். தடுப்பூசி நாட்களிலேயே கைக்குழந்தைக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரையும் கொடுக்கும் முறையை நாடு முழுவதும் முதலில் எடுத்துக்கொண்ட நாடு சியரா லியோன் என்பதையும் சொல்ல வேண்டும். ஏழை நாடு என்றால் பின்தங்கியே இருக்கும் என்று நினைப்பவர்களுக்காக.

தடுப்பூசியை அங்கே கிரியோ மொழியில் 'மார்க்லேட்' என்பார்கள். தவணைகளை முடித்த குழந்தையின் கையில் வேறு நிறக் கைவளையம் கட்டிவிட்ட ஒரு முயற்சியில், ஊரார் பார்வைக்காகவே தாய்மார் கூடுதலாக வந்து தவணையை முடித்தார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் இந்த ஊசிகளைப் போடுவது யார்? அதே சம்பளம் இல்லாத 'தன்னார்வலர்', அதே சிறு நிலையத்தில், வேலை செய்கிற குளிர்பெட்டி இருந்தால்.

ஆம்புலன்ஸ் பற்றி ஒரு பத்தி போதும். 2018இல் வெளிநாட்டு உதவியோடு தேசிய அளவில் இலவச ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது, நல்ல முயற்சி. ஆம்புலன்ஸ் வாங்குவது ஒரு நாள் செலவு, எரிபொருளும் டயரும் தினச் செலவு. தனித் தெரிவாக இதை எடுக்க மாட்டேன். மருத்துவக் காப்பீடு 2017இல் சட்டமாகியும் ஊன்றி நிற்கவில்லை. முறைசாரா வேலையில் வாழும் மக்களிடம் யார் தவணை வசூலிப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவரை அதில் இந்தப் பணத்தைப் போட வேண்டாம்.

இந்தத் தெரிவுகளை ஒரே கேள்வியால் தட்டிப்பார்க்கலாம்: கெட்ட ஆண்டில் எது நிற்கும்? எபோலா அந்த நாட்டில் 14,000க்கும் மேற்பட்டவர்களைத் தொற்றி, கிட்டத்தட்ட 4,000 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் 200க்கும் மேற்பட்டோர் சுகாதார ஊழியர்கள். நாட்டின் எபோலா சிகிச்சையை முன்னின்று நடத்திய டாக்டர் ஷேக் உமர் கானும் அவர்களில் ஒருவர். டாக்டர்களை விரல்விட்டு எண்ணும் நாட்டில் இது எப்படிப்பட்ட இழப்பு என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த கெட்ட ஆண்டு நோயாக வரவில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. பிரிட்டனும் தன் உதவியை தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. சியரா லியோனின் கொசுவலையும் மலேரியா மருந்தும் கணிசமாக இந்தப் பைகளில் இருந்து வந்தவை. ஆப்பிரிக்க அரசுகள் தங்கள் பட்ஜெட்டில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக 2001இல் அபுஜாவில் உறுதி கொடுத்தன. அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது தனிக் கதை.

இந்தத் தட்டலில் பெரிய மருத்துவமனை முதலில் விரிசல் விடுகிறது. செலவு அதிகம், வெளியார் கை அதிகம். கிராமப் பணியாளர் ஊரிலேயே இருப்பார், ஆனால் கையில் மருந்து இருக்காது. சம்பளப் பட்டியலில் ஏறிய நர்ஸ் மட்டும் அங்கேயே இருப்பார், அவர் பெயரை நீக்குவது எந்த அரசுக்கும் எளிதில்லை. எனவே என் பணத்தின் பெரும்பங்கு அவருக்கு. சம்பளம் இல்லாத ஊழியர்களுக்கு ஐந்து ஆண்டுச் சம்பளத்தை நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆண்டுக்கு இத்தனை பெயரை அரசு பட்டியலில் ஏற்றும், அதுவரை இடைக்கால ஊதியம் நாம் தருகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். அதோடு மாவட்டக் கிடங்கில் இருந்து நிலையம் வரை மருந்து போகும் கடைசிக் கட்டம், ஊர்க்கூட்டம். ஊர்க்கூட்டத்துக்கு ஆகும் செலவு தேநீர்ச் செலவு.

இரண்டாவது பங்கு, நிலையத்தில் இருந்து தொலைவில் இருக்கும் ஊர்களின் பணியாளர்களுக்கு. நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கும் ஆள் போட்டுப் பரப்ப வேண்டாம். பரப்பினால் யாருக்கும் மாத ஊக்கத்தொகை நேரத்துக்குப் போகாது.

மூன்றாவது பங்கு மருத்துவமனைக்கு. கட்டடத்துக்கு ஒரு செங்கல்கூட வேண்டாம். இருக்கிற மாவட்ட மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் சூரிய மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன், ரத்த வங்கிக்குக் குளிர்பெட்டி, வந்த குழந்தைகளில் யார் முதலில் என்று நொடியில் பிரித்தறியப் பயிற்சி பெற்ற நர்ஸுகள், குறைமாதக் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைக்கும் ஓர் அறை. 2011 முதல் மசாங்கா மருத்துவமனையை மையமாக வைத்து சமூக சுகாதார அலுவலர்களுக்கே சிசேரியன் செய்யப் பயிற்சி கொடுத்துவருகிறார்கள். டாக்டருக்காகக் காத்திருக்காமல் அந்த ஆட்களை மாவட்டத்தில் நிறுத்த முடிந்தால், மூச்சுத் திணறிப் பிறக்கும் குழந்தைகளின் கணக்கு குறையும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாவட்டத்தில் ரத்தம் ஏற்றக்கூடிய மருத்துவமனை ஒன்றுகூட எட்டும் தூரத்தில் இல்லை என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்குவேன். மேலே அனுப்ப இடமே இல்லாத ஊரில் கீழே எவ்வளவு திருத்தினாலும் முற்றிய குழந்தை சாகத்தான் செய்யும்.

பணம் ஜனவரியில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் முதல் வேலைக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. ஆலோசகர்களின் அறிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. மே மாதம் மழை பிடித்துக்கொண்டால் மலேரியாவும் ஏறும், சாலையும் போகும். போன்தேயின் தீவுகளுக்கு ஆறு மாதத்துக்கான மாத்திரையும் உப்புக்கரைசலும் ஏற்றிய படகு ஏப்ரலுக்குள் கரை சேர்ந்திருக்க வேண்டும்.